நாற்பது வயதில் தெரியவரும் ஏடிஎச்டி

தனக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துருதுருப்புக் குறைபாடு இருப்பது 41ஆவது வயதில்தான் தெரியவந்தது என்று 2024 மே மாதம் கேரளத்தின் கோதமங்கலத்தில் நடந்த விழாவொன்றில் சொன்னார் நடிகர் பகத் ஃபாசில். சிறுவயதிலேயே தொடங்கும் ஒன்று இத்தனை வருடம் கண்ணில் படாமல் போகுமா? போகும். நம் வீடுகளில் அதைச் சோம்பேறித்தனம் என்போம், பொறுப்பில்லாமை என்போம். 'மூளை இருக்கு, உட்கார்ந்து படிக்கத்தான் மாட்டேங்குது' என்று ஆசிரியரும் சொல்லியிருப்பார்.

தவறவிடப்பட்ட தலைமுறை

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1968ஆம் ஆண்டுக் கையேடு இதைக் குழந்தைகளின் மிகைத் துருதுருப்பாக மட்டுமே பார்த்தது; வளரிளம் பருவத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும் என்றது. துருதுருப்பே இல்லாமல் கவனம் மட்டும் சிதறுவதும் உண்டு என்பது 1980 பதிப்பில்தான் ஏறியது. வகுப்பில் ஓடியாடிய பையன் கவனிக்கப்பட்டான். ஜன்னலோரம் அமைதியாகக் கனவு கண்ட பெண் 'சமர்த்து' ஆனாள். அந்தப் பெண்களில் பலர் பிறகு பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மட்டும் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இது.

சோம்பல் இல்லையென்றால், வேறென்ன?

கணக்கில் பணம் இருக்கும். கரண்ட் பில் கட்டும் தேதி தாண்டிப்போகும். அடுப்பில் பால் பொங்கி வழியும். பத்து நிமிடம் என்று நினைத்த வேலை ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். ஆனால், பிடித்த வேலை என்றால் சாப்பாடுகூட மறந்து விடியவிடிய உட்கார முடியும். 'அதுக்கு முடியுது, இதுக்கு ஏன் முடியல?' என்ற கேள்வியில் குறுகிப்போகாதவர்கள் குறைவு.

திட்டமிடுவது, தொடங்குவது, நேரத்தை மதிப்பிடுவது ஆகியவற்றைக் கவனிக்கும் மூளையின் முன்பகுதியில் டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருட்களின் செயல்பாடு ஏடிஎச்டி உள்ளவர்களிடம் மாறுபடுகிறது. அவசியம் என்று தெரிந்தாலும் மூளை கிளம்புவதில்லை. ஆர்வமோ கடைசி நேர நெருக்கடியோதான் அதைக் கிளப்புகிறது. மன உறுதியை மட்டும் வைத்து இதைச் சரிசெய்யச் சொல்வது அநியாயம்.

யாரிடம் போவது?

மனநல மருத்துவரிடம். ரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ இதை உறுதிசெய்ய முடியாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவை தொந்தரவு தருகின்றனவா என்று மருத்துவர் விசாரிப்பார். பழைய ரேங்க் கார்டும் அம்மாவின் நினைவுகளும் உதவும். தைராய்டு கோளாறு, தூக்கக் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும் என்பதால், சமூக வலைதள வீடியோவைப் பார்த்து நீங்களே முடிவுசெய்துவிடாதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அரசின் டெலிமனாஸ் உதவி எண் 14416ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மீத்தைல்ஃபெனிடேட், அட்டமாக்சிடின் போன்ற மருந்துகள் பலருக்குப் பலன் தருகின்றன. ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் பார்த்த பிறகே தருவார்கள். பழக்கங்களைச் சீரமைக்கும் உளவியல் சிகிச்சையும் உண்டு.

ஏற்றுக்கொள்வது

மூளைகள் பலவிதம், எல்லாவற்றுக்கும் சமூகத்தில் இடம் வேண்டும் என்ற நரம்பியல் பன்முகத்தன்மைச் சிந்தனை 1990களில் ஆட்டிசம் உள்ளவர்களிடையே வளர்ந்தது. அது ஏடிஎச்டி உள்ளவர்களுக்கும் தலைநிமிர வழிகாட்டியது. ஆனால், இதை 'அபூர்வ சக்தி' என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடன், வேலையிழப்பு, சாலை விபத்து என்று இதன் விலை பெரிது. பில்லைத் தானாகக் கட்டும்படி வங்கியில் ஏற்பாடு செய்வது, சாவிக்கு வாசலிலேயே ஓர் ஆணி அடிப்பது, சொன்னதை எழுத்திலும் தரும்படி மேலாளரிடம் கேட்பது, மருந்து தேவையென்றால் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்வது எல்லாமே ஏற்றுக்கொள்வதில் அடங்கும்.

தெரிந்ததும் நிம்மதி வரும். பின்னாலேயே, இழந்த வருடங்களை நினைத்து அழுகையும் வரும். இரண்டுக்கும் இடம் கொடுங்கள். இது குடும்பவழியாகவும் பெரிதும் வருவது. பிள்ளைக்குப் பரிசோதனை செய்யப்போய்த் தன்னை அடையாளம் கண்ட பெற்றோர் பலர் இருக்கிறார்கள். உங்களுக்கு உறுதியானால், கணக்கு நோட்டை மறந்துவிட்டுப் பள்ளியில் திட்டு வாங்கிவரும் உங்கள் மகளையும் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.