விபூதியைக் கண்டவர் செய்வது யாது? – திருவாய்மொழி காட்டும் நெறி

மலையின் உயர்வையும் கடலின் பரப்பையும் கண்டவர் தலை தானே தாழும். அவ்வாறு தாழும் தலை யாருக்குத் தாழ்கிறது என்பது வேதாந்தத்தில் ஆராயத்தக்க வினா. கண்ணெதிரே நிற்கும் மலைக்கா, மலையைப் படைத்துவிட்டு அதற்கு அப்பால் நிற்பவனுக்கா, மலைக்குள்ளே நின்று அதனைத் தாங்குபவனுக்கா? முதலாவதைக் கொண்டால் அசேதனத்தையே ஈசுவரனாகக் கருதிய குற்றம் நேரும். இரண்டாவதை மட்டும் கொண்டால் உலகம் அவனோடு உறவற்ற புறப்பொருளாய்விடும். மூன்றாவதே நம் ஆசாரியர்கள் கொண்ட நெறி. அந்நெறியைக் கொண்டவருக்கும் ஒரு வினா எஞ்சி நிற்கும். எங்கும் அவனைக் காணலாமாயின், அவனுடைய திவ்யமங்கள விக்ரஹத்தை நாடுவதும் கோயில் வாசலில் நிற்பதும் எதற்கு? இவ்விரு வினாக்களுக்கும் நம்மாழ்வாரின் திருவாய்மொழியிலும் அதன் வ்யாக்யானங்களிலும் விடை உண்டு.

உடலும் உயிரும்

ப்ருஹதாரண்யக உபநிஷத்தின் மூன்றாம் அத்யாயத்தில், உத்தாலக ஆருணியின் வினாவுக்கு யாஜ்ஞவல்க்யர் விடை கூறும் பகுதி அந்தர்யாமி ப்ராஹ்மணம் எனப்படும். மண், நீர், தீ, காற்று, ஞாயிறு, திங்களும் விண்மீன்களும் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் நான்கு செய்திகளை அது கூறுகிறது. அப்பொருளில் அவன் உறைகிறான். அப்பொருள் அவனை அறியாது. அது அவனுக்கு உடல். அவன் உள்ளிருந்து அதனை நியமிக்கிறான். 'மண்ணே ப்ரஹ்மம்' என்று அது கூறவில்லை. 'மண் ப்ரஹ்மத்திற்கு அடையாளம்' என்றும் கூறவில்லை. மண் அவனுக்கு உடல் என்றே கூறிற்று.

உடல் என்பதற்கு எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்யாயத்தில் இலக்கணம் வகுத்தருளினார். ஒரு சேதனன் எந்தத் த்ரவ்யத்தைத் தன் பயனுக்காக முழுமையாக நியமிக்கவும் தாங்கவும் வல்லனோ, எது அவனுக்குச் சேஷமாயிருப்பதையே இயல்பாக உடையதோ, அது அவனுக்கு உடல். இதில் தாங்கப்படுதல், நியமிக்கப்படுதல், சேஷமாயிருத்தல் என்னும் மூன்றும் அடங்கும்.

முதலிரண்டும் எம்பெருமானுடைய ஆற்றலைக் காட்டும். கதிரவன் தன் நெறியில் நிற்பதும் ஆறுகள் தத்தம் திசையில் ஓடுவதும் அக்ஷரனான அவனது ஆணையாலே என்று அதே உபநிஷத்து கார்க்கிக்குக் கூறும் விடை இதற்குச் சான்று. மூன்றாவதான சேஷத்வமோ காண்பவனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மலையும் கடலும் அவன் பயனுக்காகவே இருப்பன என்று உணர்ந்தவன், தானும் அவ்வுடலில் ஒரு கூறு என்பதை உணர்ந்தே தீரவேண்டும். அவ்வுணர்வு வந்தபின் வியந்து நிற்பதோடு அமைதல் ஆகாது. அடிமை செய்தலே தகுதி. காட்சியையும் வழிபாட்டையும் இணைக்கும் கயிறு இதுவே.

கீதையின் விபூதி அத்யாயம்

கீதையின் பத்தாம் அத்யாயத்தில் அர்ஜுனன், எவ்வெப்பொருள்களில் உன்னைச் சிந்திப்பேன் என்று கேட்கிறான். கண்ணன் நிலையானவற்றுள் இமயம், நீர்நிலைகளுள் கடல், மரங்களுள் அரசு, ஆறுகளுள் கங்கை, பருவங்களுள் வஸந்தம் எனப் பலவற்றையும் தானாகவே கூறுகிறான். இந்தப் பட்டியலைத் தொடங்குமுன், 20ஆம் சுலோகத்தில், எல்லாப் பொருள்களின் உள்ளத்திலும் ஆத்மாவாய் நிற்பவன் தான் என்று கூறிவிடுகிறான். பின்னே வரும் ஸாமாநாதிகரண்யங்கள் அனைத்துக்கும் இவ்வாத்மபாவமே காரணம் என்பது எம்பெருமானார் பாஷ்யத்தின் கருத்து. உடலைக் குறிக்கும் சொல் உயிர்வரை செல்லுமாதலால், 'இமயம்' என்னும் சொல் இமயத்தை உடலாகவுடைய அவன்வரை செல்லும்.

இந்த அத்யாயத்தின் பயனையும் பாஷ்யம் தொடக்கத்திலேயே உணர்த்துகிறது. அவனுடைய கல்யாண குணங்களும், அனைத்தும் அவனுக்கு வசப்பட்டிருக்கும் தன்மையும் இங்கு விரிக்கப்படுவது, பக்தி பிறப்பதற்கும் பிறந்த பக்தி வளர்வதற்குமாம். விபூதியை அறிதல் தனக்குத்தானே பயனாகாது. பக்திக்கு உரமாதலே அதன் பயன். முடிவில் கண்ணன், இவ்வுலகம் முழுவதையும் தன் சிறிய கூறொன்றினால் தாங்கி நிற்பதாகக் கூறுகிறான். கண்ணுக்கு எட்டிய பெருமை எவ்வளவாயினும், எட்டாதது அதனினும் மிகப் பெரிது என்பது இதனால் விளங்கும்.

மழை தொழப்படுவதா, உடன் தொழுவதா?

இந்த உணர்வு வந்தவர் இயற்கையோடு எவ்வாறு பழகுவர் என்பதற்குத் திருப்பாவையின் நான்காம் பாசுரம் நல்ல சான்று. மேகத்தின் கருமை ஊழி முதல்வனின் திருமேனி நிறத்தையும், மின்னல் திருவாழியையும், இடி திருச்சங்கின் ஒலியையும், பெய்யும் தாரைகள் சார்ங்கம் சொரியும் அம்புகளையும் ஆண்டாளுக்கு நினைவூட்டுகின்றன. ஆயினும் அவள் மழைத் தெய்வத்தைத் தொழவில்லை. அதற்குப் பணி இடுகிறாள். க்ருஷ்ணனுக்கே அற்றுத் தீர்ந்த ஆய்ச்சியர்க்குக் கிஞ்சித்கரிக்க வேண்டிப் பர்ஜன்ய தேவதை வந்து நிற்க, அவனை இவர்கள் ஏவுகிறார்கள் என்பது வ்யாக்யாதாக்களின் நிர்வாஹம்.

எம்பெருமானையன்றி மற்றொரு தெய்வத்தைத் தொழாத நிஷ்டைக்கும், இயற்கை முழுவதிலும் அவன் பெருமையைக் காணும் கண்ணுக்கும் முரண் இல்லை என்பது இங்கு தெளிவாகிறது. மேகம் தொழப்படும் பொருள் அன்று. தொழுவோர் குழாத்தில் சேர்ந்த மற்றோர் அடியார்.

அடிமைக்கு விடையாக வந்த காட்சி

இனித் திருவாய்மொழி. மூன்றாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் ஆழ்வார், திருவேங்கடமுடையானுக்கு எக்காலத்தும் உடனிருந்து ஒழிவின்றி அடிமை செய்யவேண்டும் என்று பாரித்தார். அதனையடுத்த நான்காம் திருவாய்மொழியில் பஞ்சபூதங்களையும் இருசுடர்களையும் மலைகளையும் மழையையும் விண்மீன்களையும் அடுக்கி, அவனை இதுவென்பதா, அதுவென்பதா என்று வினவிக்கொண்டே செல்கிறார். இரண்டுக்கும் உள்ள தொடர்பை வ்யாக்யானங்கள் காட்டுகின்றன: ஆழ்வார் பாரித்த அடிமைக்கு இடமளிக்கவே எம்பெருமான் தன் ஸர்வாத்மபாவத்தைக் காட்டிக் கொடுத்தான், ஆழ்வாரும் வாசிகமான அடிமையிலே இழிந்தார்.

இவ்வரிசை கருதத்தக்கது. இயற்கையைக் கண்டு அதன்பின் தொண்டில் ஆசை பிறந்ததாக இங்கு இல்லை. தொண்டில் ஆசை முன்னே பிறந்தது. அதற்கு விடையாகவே உலகனைத்தும் அவன் திருமேனியாகக் காட்டப்பட்டது. ஆகவே ஒவ்வொரு பொருளும் அவனைச் சொல்லித் துதிப்பதற்கு வாய்த்த ஒரு சொல் ஆயிற்று. அச்சொற்களில் எதுவும் அவனை முழுதும் சொல்ல மாட்டாமையை வினா வடிவமே உணர்த்தும். பத்தாம் பாசுரத்தில், யாவுமாய் நின்றும் அவற்றின் தோஷம் தட்டாதவன் அவன் என்று ஆழ்வார் அறுதியிடுகிறார். உடலின் இளமையும் முதுமையும் உயிரைத் தீண்டாதவாறு போல என்று கொள்க.

பிரிவில் எழுந்த காட்சி

நான்காம் பத்தின் நான்காம் திருவாய்மொழி வேறொரு நிலை. ஞானம் தலையெடுத்தபோது தம் பேச்சாகவும், ப்ரேமம் தலையெடுத்தபோது பெண் பேச்சாகவும் ஆழ்வார் பேசுவர் என்று ஆசார்ய ஹ்ருதயம் பகுத்துக் காட்டும். அப்பகுப்பின்படி முன்னைத் திருவாய்மொழி ஞானத்தின் பேச்சு. இது ப்ரேமத்தின் பேச்சு. கலந்து பிரிந்த தலைவனை நினைந்து பித்தேறிய பராங்குச நாயகியின் செயல்களை அவளுடைய திருத்தாயார் சொல்லுகிறாள்.

மகள் மண்ணைத் துழாவி, வாமனன் அளந்த மண் இது என்கிறாள். வானைத் தொழுது, அவன் வீற்றிருக்கும் வைகுந்தம் என்று கையால் காட்டுகிறாள். கைகளைக் கூப்பி, அவன் பள்ளிகொண்ட கடல் என்கிறாள். செந்தீயைத் தழுவியும் உடல் வேகாதிருக்கிறாள். குளிர்ந்த காற்றைத் தழுவிக் கோவிந்தன் என்கிறாள். நிற்கும் குன்றைப் பார்த்து வா என்று கூவுகிறாள். நல்ல மழையைக் கண்டால் நாராயணன் வந்துவிட்டான் என்று மயில்போல் ஆடுகிறாள்.

எம்பெருமானோடு ஒப்புமையுடைய பொருள்களையும் உறவுடைய பொருள்களையும் அவனாகவே கொள்ளும் நிலை இது என்று வ்யாக்யானம் வகை செய்யும். செய்ய ஞாயிறும் பெய்யும் மழையும் ஒப்புமையாலே. அவன் அளந்த மண்ணும் கிடந்த கடலும் மேய்த்த கன்றும் உறவாலே. மணவாள மாமுனிகளும் திருவாய்மொழி நூற்றந்தாதியில் இத்திருவாய்மொழியின் பொருளைச் சுருக்குமிடத்து, போலிப் பொருள்களை முதலில் வைத்து, அவற்றை அவனாக நினைந்து ஆழ்வார் மேல்விழுந்தார் என்று அருளிச்செய்தார். ஆண்டாளிடம் உவமையாய் நின்ற மழை, இங்கு அவனேயாயிற்று.

இதனை வெறும் மயக்கம் என்று தள்ளலாமோ? கயிற்றைப் பாம்பென்று மயங்குபவன் இல்லாத ஒன்றைக் காண்கிறான். இவளோ, ஒவ்வொரு பொருளிலும் உண்மையாகவே உள்ளுறைபவனைக் காண்கிறாள். உடலுக்கும் உயிருக்கும் உள்ள வேற்றுமை மறைந்ததே இவளுடைய பித்து, உறவு மெய்யே. தீ சுடாமையும் இதற்குச் சேரும். ப்ரஹ்லாதனைத் தீ வருத்தவில்லை என்னும் விஷ்ணுபுராண வரலாற்றை இங்கு நினைக்கலாம்.

இவள் செயல்கள் யாவை என்று எண்ணிப் பார்த்தால், அவை தொழுதல், கைகூப்பல், திருநாமம் சொல்லல், அழைத்தல், ஆடுதல் என வழிபாட்டின் அங்கங்களாகவே அமைகின்றன. நெடுமாலின் அடியாராகத் தோன்றுவோரைக் கண்டால் அவர்பின் ஓடுவதும் உண்டு. அறிவு தன் வசத்தில் இல்லாதபோதும் அடிமை அவளை விட்டு நீங்கவில்லை. சேஷத்வம் ஆத்மாவுக்கு இயல்பு என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

எஞ்சிய வினா

எங்கும் அவனைக் கண்ட இவளுக்கு ஆறுதல் பிறந்ததா? இல்லை. திருத்தாயார் செய்வதறியாது கலங்குவதே இத்திருவாய்மொழியின் முடிவு. கண்ட பொருள் ஒவ்வொன்றும் அவனை நினைவூட்டியதேயன்றி, அவனை அணைத்த நிறைவைத் தரவில்லை.

இக்குறையையே ஆழ்வார் ஆறாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில் தம் பேச்சாக வெளியிடுகிறார். ஐம்பூதங்களும் இருசுடர்களுமாய் நிற்பவன் நீ என்று முதலில் ஒப்புக்கொண்டு, உடனே, ஆழியும் சங்கும் ஏந்திய திருக்கோலத்தோடு ஒரு நாள் என்பால் வரவேண்டும் என்று கூப்பிடுகிறார். உள்ளுறையும் அந்தர்யாமியாய் எங்கும் இருப்பது அவனுடைய வ்யாப்தி. கண்ணாரக் காண வந்து நிற்பது அவனுடைய ஸௌலப்யம். வ்யாப்தியை அறிந்தவர்க்கே ஸௌலப்யத்தில் தாகம் மிகும்.

இங்கே முன் எஞ்சிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. இயற்கையில் அவனைக் காண்பவருக்குக் கோயில் வேண்டாததன்று. அவருக்கே அது மிக வேண்டியது. பித்தேறிய நிலையிலும் பராங்குச நாயகி, உள்ளே திருவுருவம் கொண்ட கோயில்களைக் கண்டால் அவை கடல்வண்ணன் கோயிலே என்கிறாள். அஞ்சும்போதும் சோர்ந்து விழும்போதும் கண்ணன் திருவடிகளை விரும்புதலை விடுவதில்லை. மண்ணிலும் மழையிலும் குன்றிலும் கண்ட பெருமை அவளை அத்திருவடிகளில் கொண்டு சேர்ப்பதாகவே முடிந்தது. மலைமுன் தாழ்ந்த தலை சென்று சேருமிடம் அர்ச்சாவதாரமான எம்பெருமானின் திருவடியே என்பது பூர்வாசாரியர்கள் திருவுள்ளம்.