ஒரு துகள் ஏறும் படிகள்

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் காற்று பலமாக வீசும் நாளில், சயனைடு மேட்டைப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் துணி போடுவார்கள். பேர்தான் சயனைடு. மேட்டில் பெரும்பங்கு, தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய பாறை மாவு. அந்தப் பாறையைக் கீழே போய் உடைத்தவர்களின் நெஞ்சுக்குள் போன ஒரே ஒரு துகளைப் பின்தொடர்வோம். மூலக்கூறில் தொடங்கி ஊர் வரை, உயிரின் ஒவ்வொரு அடுக்கையும் அது தொட்டுவிட்டுப் போகிறது.

கோலார் தங்கம் வெள்ளைக்கல்லில், அதாவது குவார்ட்ஸில் ஓடியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே துளை போடும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடும். ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத 5 மைக்ரானுக்கும் குறைவான துகளில்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அது, நுரையீரலின் கடைசி முனையான காற்றுப்பை வரை போய்விடும்.

அங்கே காவலுக்கு மேக்ரோஃபேஜ் என்ற செல் நிற்கிறது. கிருமியோ தூசியோ, எது வந்தாலும் விழுங்கிவிடும். விழுங்கியதை லைசோசோம் என்ற சிறு பைக்குள் போட்டுக் கரைக்கும். ஆனால், குவார்ட்ஸ் துகளின் சிலிக்கா கரையாது. புதிதாக உடைந்த அதன் மேற்பரப்பில் உள்ள வேதித்தொகுதிகள் அந்தப் பையின் சவ்வைப் பற்றிக் கிழிக்கின்றன. உள்ளிருந்த நொதிகள் கசிந்து செல்லையே அழிக்கின்றன. செத்த செல்லிலிருந்து துகள் அப்படியே வெளியே வரும், அடுத்த மேக்ரோஃபேஜ் அதை விழுங்கும், அதுவும் சாகும். சிலிகோசிஸ் என்ற இந்த நோயில் எனக்கு மிகக் கொடுமையாகப் படுவது இந்த இடம்தான். செல் தன் கடமையை ஒழுங்காகச் செய்கிறது, செய்வதாலேயே அழிகிறது.

சாகும் முன் அந்தச் செல்கள் அபாயச் செய்தி அனுப்புகின்றன. நார்ச்செல்கள் ஓடிவந்து கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கட்டுகின்றன. காயத்தை ஆற்ற வேண்டிய அந்த வேலை இங்கே ஓய்வதில்லை. மென்மையான திசு வெங்காய அடுக்கு போன்ற முடிச்சுகளாக இறுகுகிறது. முடிச்சுகள் பெருகப் பெருக நுரையீரல் விரிய மறுக்கிறது, ரத்தத்துக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. இறுகிய நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைக்கிறது. ஒரு காலத்தில் ஷிஃப்ட் முழுக்கப் பாறையோடு மல்லுக்கட்டியவர், வீட்டு வாசலின் மூன்றாம் படியில் கையூன்றி நிற்கிறார்.

இந்தியாவில் சிலிகோசிஸ் முதலில் பதிவானது இந்தக் கோலார் சுரங்கங்களில், 1947இல். இறுகிய திசுவைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றும் இல்லை. ஈரத்தோடு துளையிடுவதும் நல்ல காற்றோட்டமும்தான் காப்பு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால், துகள் உள்ளேயே தங்கிவிடுவதால், தூசியை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் நோய் முற்றலாம்.

காசநோய்க் கிருமியைப் பிடிக்க வேண்டியதும் அதே மேக்ரோஃபேஜ்தான். அது முடங்கிய நெஞ்சில் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. சிலிகோசிஸ் தொற்றாது, காசநோய் தொற்றும். தொழிலாளர் குடியிருப்பின் நெருக்கமான லைன் வீட்டில், ஒற்றை அறையில், காசநோயும் பிடித்த அந்தச் சுரங்கத் தொழிலாளி இரவெல்லாம் இருமும்போது, ஒரு செல்லுக்குள் கிழிந்த பை, சுரங்கத்துக்குள் காலே வைக்காத பேரப்பிள்ளையின் மூச்சு வரை எட்டிவிடுகிறது.