நாயின் மூக்கும் தேனீயின் கொடுக்கும்

சித்திரை வைகாசி மாதங்களின் நடுப்பகலில், நாய்க்கென்று முற்றத்தில் வைத்த தண்ணீர்ச் சட்டியைச் சற்றுநேரம் கவனித்திருப்போர்க்கு, அதன் விளிம்பில் இரண்டொரு தேனீக்கள் தலை தாழ்த்தி நீர் உறிஞ்சுவது தென்படும். அவை தாகத்துக்காக மட்டும் வருவதில்லை. கூட்டின் உஷ்ணம் மிகும்போது அந்த நீரை அடைகளின்மீது துளித்துளியாகப் பரப்பி, சிறகால் விசிறி ஆவியாக்கி, உள்ளே வளரும் புழுக்களை வெக்கையிலிருந்து காக்கும் கைங்கரியத்துக்காகவே வருகின்றன. அதே சட்டிக்கு நாயும் வருகிறது. கண்ணெதிரே சிறகடிக்கும் ஜந்துவைக் கவ்விப் பார்க்காமல் விடுவது அதன் சுபாவத்தில் இல்லை.

ஆகையால்தான் நமக்குக் கையிலோ கழுத்திலோ படும் கொட்டு, நாய்க்கு மூக்கு நுனியிலும் உதட்டிலும் நாக்கிலும் படுகிறது. முகம் கோணி, ஒரு பக்கத்து உதடு அப்பம்போல் உப்பி நிற்கும் நாயைக் கண்டு சிரிக்காதவர் அரியர். பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும் அந்த வீக்கத்தால் கேடுமில்லை. தொண்டைக்குள் கொட்டுப்பட்டு, சதை வீங்கி மூச்சு அடைக்குமானால் அது சிரிப்புக்குரிய விஷயமன்று. மூக்குச் சப்பையான பக் போன்ற ஜாதிகளுக்கு அபாயம் இன்னும் அதிகம்.

தேனீயின் கொடுக்கில் தூண்டில் முள்ளைப் போன்ற எதிர்முட்கள் உண்டு. கொட்டியதும் அது விஷப்பையோடு பிய்ந்து தோலிலேயே தங்கிவிட, ஒட்டியிருக்கும் தசைகள் தாமாகவே இயங்கி விஷத்தைச் செலுத்திக்கொண்டிருக்கின்றன. கூடவே வாழைப்பழ வாசனையை ஒத்த ஓர் ஆவி கிளம்பி, ஏனைய தேனீக்களை அவ்விடத்துக்கே அழைக்கிறது. கொடுக்கைக் கிள்ளக் கூடாது, வழித்தே எடுக்கவேண்டும் என்பார் பலர். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எத்தனை விரைவில் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று 1996-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுச் செல்லாமல், ஒன்றே பலமுறை கொட்டக்கூடியவை. குளிர்ந்த ஈரத்துணியால் ஒற்றலாம். நம் வீடுகளில் வழக்கமாகத் தடவும் சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். நாய் அதை நக்காமல் இராது, நாக்கு வெந்துபோகும். நமக்கென்று வாங்கிய வலி மாத்திரைகளும் அதற்கு விஷமாகலாம்.

சில நாய்களுக்கு ஒரே கொட்டு உயிருக்கு உலையாகிறது. இந்த விபரீதத்தின் இயல்பை விஞ்ஞானம் கண்டறிந்ததும் நாயிடத்திலேதான். 1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் கடற்பிராணிகளின் விஷத்தை ஆராயத் தொடங்கிய ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள், ஊர் திரும்பியபின் நெப்டியூன் என்ற திடகாத்திரமான நாய்க்குக் கடற்சாமந்தியின் விஷத்தை மிகச் சிறிய அளவில் ஏற்ற, அது நோயின்றித் தாங்கிக்கொண்டது. மூன்று வாரம் கழித்து அதே அளவை மறுபடி ஏற்றியபோதோ, மூச்சிரைத்து, வாந்தியும் பேதியுமாகி, 25 நிமிஷங்களில் அது மாண்டது. ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான், பாவம், நெப்டியூன்! அதன் வாந்தியும் பேதியும் தற்செயலல்ல. நாயின் சரீரத்தில் இவ்வகை அதிர்ச்சி முதன்மையாகத் தாக்குவது ஈரலையும் குடலையுமே. ஆகவே, சென்ற வருஷம் கொட்டுப்பட்டு ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம் செல்லாது. கொட்டிய சில நிமிஷங்களில் வாந்தியோ, கால் தள்ளாட்டமோ, ஈறு வெளிறுதலோ காணுமாயின், முகம் வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் மிருக வைத்தியரிடம் ஓடவேண்டும்.

கூடு கலைந்து கூட்டமாய்த் துரத்தும்போது ஓடுவதொன்றே உபாயம். சங்கிலியில் கட்டுண்ட நாய்க்கு அதுவும் இல்லை. எனவே கட்டும் இடத்துக்கு மேலுள்ள கிளைகளையும் கூரை இறவாணத்தையும் அவ்வப்போது அண்ணாந்து பார்ப்பது நல்லது. பல கொட்டுகள் பட்ட நாய் எழுந்து வாலாட்டினாலும் வைத்தியரிடம் காட்டி, அடுத்த சில நாட்கள் அதன் சிறுநீரைக் கவனிக்க வேண்டும். இரத்த அணுக்கள் சிதைந்தால் அது கஷாயம்போல் கருஞ்சிவப்பாக இறங்கும்.

தண்ணீர்ச் சட்டியை வீட்டுக்குள் நிழலுக்கு மாற்றி, தோட்டத்துக் கோடியில் கூழாங்கல் பரப்பிய தட்டொன்றில் தேனீக்களுக்கும் நீர் வைக்கலாம். ஒருமுறை பழகிய நீர்த்துறையை அவை எளிதில் விடாதாதலால், அந்தத் தட்டைப் பங்குனிக்கு முன்பே வைத்துவிடவேண்டும்.