கனலடுப்பில் வாட்டிய பன்றி விலா இறைச்சி

கனலடுப்பில் வாட்டிய பன்றி விலா இறைச்சி என்பது, பன்றியின் விலா எலும்புகளைத் தசையுடன் ஓவன் எனப்படும் கனலடுப்பில் மெதுவாக வேகவைத்து, பழக்கூழ் கலந்த பார்பிக்யூ குழம்பை மேலே பூசிச் செய்யப்படும் அமெரிக்க உணவாகும். பார்பிக்யூ மரபில் விலா இறைச்சி மரப்புகையில் பல மணி நேரம் வாட்டப்படும். மெம்பிசு, கன்சாசு சிட்டி ஆகிய நகரங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. புகையடுப்பு இல்லாத வீடுகளில் கனலடுப்பு அதற்கு மாற்றாகிறது. புகை மணம் கிட்டாவிடினும் மென்மை குறைவதில்லை.

இறைச்சி வகைகள்

முதுகெலும்பை ஒட்டிய குட்டையான விலாத்துண்டு "பேபி பேக்" எனப்படுகிறது. இப்பெயர் எலும்பின் நீளத்தைக் குறிப்பதேயன்றி விலங்கின் வயதை அன்று. வயிற்றுப் பக்கத்திலுள்ள "ஸ்பேர் ரிப்" கொழுப்பு மிக்கது. வேக அதிக நேரம் எடுக்கும்.

வேகும் முறை

விலாப்பகுதியில் கொலாசன் என்னும் இணைப்புத் திசுப் புரதம் மிகுதி. இறைச்சி கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் இருந்தால் இது ஊன்பசையாக (ஜெலட்டின்) மாறி இளகுகிறது.

பாதுகாப்பான வெப்பநிலையும் மென்மையாகும் வெப்பநிலையும் ஒன்றல்ல. முழுத்துண்டுப் பன்றி இறைச்சியின் உட்புறம் 63 பாகையை எட்டி, பின் மூன்று நிமிடம் ஆறினால் போதும் என 2011 இல் அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவித்தது. அதற்கு முன் இவ்வளவு 71 பாகையாக இருந்தது. ஆனால் 63 பாகையில் எடுத்த விலா, உண்ணத்தக்கதாயினும் மெல்வதற்கு அரிது. உட்புறம் 90 முதல் 95 பாகை வரை செல்ல வேண்டும். ஆகவே உட்பக்கச் சவ்வை உரித்து, உப்பும் மசாலாவும் தடவி, அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி, 150 பாகை அடுப்பில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வைப்பர்.

பழப்பூச்சு

பீச், அன்னாசி, ஆப்பிள் போன்றவற்றின் கூழுடன் தக்காளிக் கெச்சப், வினிகர், பழுப்புச் சர்க்கரை, மிளகாய்த்தூள் சேர்த்துக் கெட்டியாகும் வரை கொதிக்கவைக்கப்படுகிறது. வினிகரின் புளிப்பு இல்லையேல் பூச்சு வெறும் பழப்பாகு போலிருக்கும்.

இதனைத் தொடக்கத்திலேயே பூசக்கூடாது. சாதாரணச் சர்க்கரை 160 பாகையளவில் பழுப்பேறும். பழங்களிலுள்ள பிரக்டோசோ 110 பாகையிலேயே பழுப்பேறத் தொடங்கி, விரைவில் கருகிக் கசக்கும். எனவே இறைச்சி வெந்தபின் தாளைப் பிரித்து, அடுப்பை 200 பாகைக்கு உயர்த்தி, கடைசி 15 நிமிடங்களில் இருமுறை பூசுவர். பச்சை இறைச்சியில் பட்ட தூரிகையை மீண்டும் குழம்பில் தோய்த்தல் ஆகாது.

பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்னும் புரதச்சிதைப்பு நொதி உண்டு. அதன் சாற்றில் இறைச்சியை நெடுநேரம் ஊறவைத்தால் மேற்புறம் மாவுபோல் குழைந்துவிடும். கொதித்த பூச்சில் இந்நொதி செயலிழந்திருக்கும்.

பதம்

எலும்பிலிருந்து இறைச்சி தானே கழன்று விழுவதே நல்ல பதம் எனப் பலர் கருதுகின்றனர். கன்சாசு சிட்டி பார்பிக்யூ சங்கப் போட்டிகளில் அது அளவுக்கு மீறி வெந்ததாகவே கொள்ளப்படுகிறது. கடித்த இடம் மட்டும் எலும்பைவிட்டு எளிதில் பிரிய வேண்டும்.