கை நடுங்கியும் டோபமைன் ஸ்கேன் இயல்பா? நினைவாற்றல் சோதனை ஏன் அவசியம்?

திருவனந்தபுரம்: கை நடுங்குகிறது, நடை தளர்கிறது, சட்டைப் பொத்தான் போடவே நெடுநேரம் ஆகிறது. பார்கின்சன் நோயாக இருக்குமோ என்ற ஐயத்தில் ஸ்கேன் எடுத்தால், மூளையில் டோபமைன் இயல்பாக உள்ளதாக அறிக்கை வருகிறது. நோயில்லை என்று சிலர் நிம்மதி அடைகின்றனர். சிலர் தாமாகவே மாத்திரையை நிறுத்தி விடுகின்றனர். இரண்டுமே அவசர முடிவுகள் ஆகலாம். கூடவே மறதியும் தென்பட்டால் கூடுதல் கவனம் தேவை.

ஸ்கேன் எதைக் காட்டுகிறது?

உடல் அசைவுகளைச் சீராக்கும் வேதிப்பொருள் டோபமைன். இதைச் சுரக்கும் நரம்பு செல்கள் படிப்படியாக அழிவதே பார்கின்சன் நோய். இந்தியாவில் இதனைக் கண்டறிய 'டிரோடாட்' ஸ்கேன் பயன்படுகிறது. நரம்பு வழியே செலுத்தப்படும் சிறிதளவு கதிரியக்க மருந்து, மூளையில் டோபமைன் நரம்பு முனைகள் உள்ள இடத்தில் படியும். ஆரோக்கியமான மூளையில் அந்தப் பகுதி காற்புள்ளி வடிவில் ஒளிரும். பார்கின்சன் நோயில் அதன் வால் மங்கி, முற்றுப்புள்ளி போலச் சுருங்கிவிடும்.

ஆனால், பார்கின்சன் எனக் கருதப்பட்ட அனைவருக்கும் இந்த மாற்றம் தெரிவதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 2004-ல் வெளியான 'எல்டோபா' ஆய்வில், ஸ்கேன் எடுக்கப்பட்ட 142 பேரில் 21 பேருக்கு முடிவு இயல்பாகவே இருந்தது. இத்தகையோரை மருத்துவ உலகம் 'ஸ்வெட்' பிரிவினர் என்று குறிப்பிடுகிறது. இது ஒரே நோயின் பெயர் அன்று. பல காரணங்களை உள்ளடக்கிய தொகுப்பு.

காரணம் மாத்திரையாகவும் இருக்கலாம்

தசை இறுக்கத்துடன் வரும் டிஸ்டோனியா நடுக்கம், பரம்பரையாகவும் வரக்கூடிய சாதாரண நடுக்கம் ஆகியவை இதில் அடங்கும். சில மருந்துகளும் பார்கின்சன் அறிகுறிகளை உண்டாக்கும். மனநோய்க்கான சில மாத்திரைகள், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, வயிற்றுக் கோளாறுக்கான லெவோசல்பிரைடு, ஒற்றைத் தலைவலிக்கான புளூனாரிசின் ஆகியவை அவற்றுள் சில. இவை டோபமைனை அழிப்பதில்லை. அது வேலை செய்வதைத் தடுக்கின்றன. அதனால்தான் ஸ்கேன் இயல்பாகத் தெரிகிறது. மருந்தை மாற்றினால் பலருக்கு அறிகுறிகள் குறையும்.

மறதி எங்கிருந்து வருகிறது?

இந்த ஸ்கேன் டோபமைன் பாதையை மட்டுமே காட்டும். நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றுக்கு அசிட்டைல்கோலின் உள்ளிட்ட பிற வேதிப்பொருள்களும் மூளையின் பிற பகுதிகளும் தேவை. ஆகவே ஸ்கேன் இயல்பு என்பதால் சிந்தனைத் திறனும் இயல்பு என்று கொள்ள முடியாது. மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மூளை ரத்தக்குழாய் அடைப்பு, அல்சைமர் நோய் என எதுவும் பின்னணியில் இருக்கலாம்.

நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை அசிட்டைல்கோலினின் செயலைத் தடுப்பது. முதியவர்களுக்கு இது மறதியையும் குழப்பத்தையும் ஏற்படுத்தலாம். தவறாகக் கணிக்கப்பட்ட நடுக்கத்துக்கு இந்த மாத்திரையைத் தொடர்ந்தால், இல்லாத மறதியும் வந்து சேரக்கூடும்.

திருவனந்தபுரத்தின் பங்கு

இங்குள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அசைவுக் கோளாறுகளுக்கெனத் தனி மையமும் இங்கு உள்ளது. நினைவாற்றலை அளக்கும் 100 மதிப்பெண் 'ஆடன்புரூக்' சோதனை 2000-ல் வெளியானபோது, அதை உருவாக்கியோரில் மருத்துவர் பி.எஸ்.மதுரநாத் ஒருவர். பின்னர் இந்நிறுவனத்தில் அவரது குழு அதனை மலையாளம் பேசுவோருக்கு ஏற்ப மாற்றி அமைத்தது. மொழியும் பள்ளிப்படிப்பும் மதிப்பெண்ணைப் பாதிப்பதால், ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. தமிழுக்கும் இது பொருந்தும்.

என்ன செய்ய வேண்டும்?

ஸ்கேன் அறிக்கையுடன், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மறதி, தடுமாற்றம், மனச்சோர்வு இருந்தால் வீட்டினர் அதை மறைக்காமல் கூற வேண்டும். லெவோடோபா மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் இறுக்கம், மனக்குழப்பம் ஏற்படும் அபாயம் உண்டு. எனவே மருந்தை நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டும்.