அயல்நாட்டின் போரால் வந்த பணம். தாயின் பெயரில் நிற்கும் கோபுரம்: மும்பை ராஜாபாய் மணிக்கூண்டின் வரலாறு

மும்பை: தெற்கு மும்பையின் ஓவல் மைதானத்தை ஒட்டி, மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தில் சுமார் 85 மீட்டர் (280 அடி) உயரத்தில் எழுந்து நிற்கிறது ராஜாபாய் மணிக்கூண்டு. ஒரு வணிகர் தனது தாயின் நினைவாக அளித்த நன்கொடையில் உருவான இக்கோபுரம், ஒன்றரை நூற்றாண்டை நெருங்கும் நிலையிலும் நகரின் அடையாளமாகத் திகழ்கிறது.

பருத்தி தந்த செல்வம்

சென்னை, கல்கத்தா பல்கலைக்கழகங்களைப் போலவே மும்பைப் பல்கலைக்கழகமும் 1857-ல் தொடங்கப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் (1861-65) அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்குச் செல்வது தடைபட்டது. அந்த இடத்தை இந்தியப் பருத்தி நிரப்பியதால் மும்பையில் பணம் குவிந்தது. அதில் பெரும் செல்வம் ஈட்டியவர்களில் ஒருவர் பிரேம்சந்த் ராய்சந்த். அவர் 1864-ல் பல்கலைக்கழக நூலகத்துக்கு ரூ.2 லட்சமும், மணிக்கூண்டுக்கு ரூ.2 லட்சமும் வழங்கினார். கோபுரத்துக்குத் தாயார் ராஜாபாயின் பெயர் சூட்டப்பட வேண்டும் என்பதே அவரது விருப்பம்.

1865-ல் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது. வங்கிகளும் நிறுவனங்களும் வீழ்ந்தன. பிரேம்சந்தும் பெரும் இழப்பைச் சந்தித்தார். எனினும் அவரது கொடை வீண்போகவில்லை. 1869 மார்ச் 1-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1878 நவம்பரில் பணி நிறைவடைந்தது.

பார்வையற்ற தாய்க்காகவா?

சமண சமயத்தைச் சேர்ந்த ராஜாபாய் பார்வையற்றவர் என்றும், சூரியன் மறைவதற்குள் உணவு உண்ணும் நெறியை அவர் கடைப்பிடிக்க மணியோசை உதவியது என்றும் கூறப்படுகிறது. இது மும்பையில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

கட்டடக் கலை

கோபுரத்தை வடிவமைத்தவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். அவர் மும்பைக்கு வராமலேயே, லண்டனில் இருந்தபடி வரைபடங்களை அனுப்பினார். வெனிஸ் நகரப் பாணியும் கோதிக் பாணியும் இதில் கலந்துள்ளன. மஞ்சள் சாயல் கொண்ட உள்ளூர் குர்லா கல்லால் சுவர்கள் எழுப்பப்பட்டன. மேற்கு இந்தியாவின் பல்வேறு சமூகத்தினரைக் குறிக்கும் சிற்பங்கள் கோபுரத்தை அலங்கரிக்கின்றன. லண்டனின் பிக் பென் கோபுரத்தை முன்மாதிரியாகக் கொண்டது எனக் கருதப்படும் இதன் மணிகள், முற்காலத்தில் பல இசைமெட்டுகளை ஒலித்தன. இப்போது 15 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலிக்கின்றன.

காலத்தை வென்ற கோபுரம்

கடற்காற்றாலும் மாசாலும் பாதிக்கப்பட்டிருந்த மணிக்கூண்டும் நூலகமும் சீரமைக்கப்பட்டு, 2015-ல் பணிகள் நிறைவடைந்தன. 2018-ல் மும்பையின் விக்டோரியன் கோதிக், ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இக்கோபுரமும் அதில் இடம்பெற்றது.

உள்ளே சுழன்று செல்லும் படிக்கட்டில் ஏறப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஆயினும் ஓவல் மைதானத்தில் நின்று எவரும் அண்ணாந்து நேரம் பார்க்கலாம். பிரேம்சந்த் பருத்தியில் ஈட்டிய செல்வம் சந்தைச் சரிவில் கரைந்தது. கல்விக்கெனக் கொடுத்ததே அவர் தாயின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது.