ஹார்ட் டிஸ்க் பகுதி திறக்கவில்லையா? ஃபார்மட் செய்ய அவசரப்பட வேண்டாம்

கிடங்கைத் தட்டி வைத்து அறைகளாகப் பிரிப்பதுபோல, கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கையும் பகுதிகளாகப் பிரித்து வைக்கிறோம். இதையே பார்ட்டிஷன் என்கிறார்கள். லினக்ஸ் கம்ப்யூட்டரில் பில், பேரேடு, சரக்கிருப்பு அனைத்தும் உள்ள பகுதி ஒருநாள் காலையில் திறக்க மறுத்தால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதுவும் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய 20ஆம் தேதி நெருங்கும்போது! பழுது பார்க்க வந்தவர் "ஃபார்மட் செய்துவிடலாம்" என்றால் உடனே தலையாட்டிவிடக் கூடாது. பூட்டுத் திறக்கவில்லை என்பதாலேயே உள்ளே இருக்கும் சரக்கு போய்விட்டதாகப் பொருளில்லை.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் முதலில் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி இருக்கிறது. இதனால் நாம் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுவதும் அணைவதில்லை. தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கம் போடுகிறது. கடையைச் சாத்திய பிறகும் கணக்குப்பிள்ளை உள்ளே ஏட்டை விரித்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதே ஏட்டில் வேறொருவர் எழுதினால் என்ன ஆகும்? ஆகவேதான் லினக்ஸ் அந்த என்டிஎஃப்எஸ் பகுதியைத் திறக்க மறுக்கிறது, அல்லது படிக்க மட்டும் விடுகிறது. விண்டோஸுக்குள் சென்று, பவர் ஆப்ஷன்ஸில் அந்த வசதியை நீக்கி, மறுபடி முறையாக அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். காசு செலவில்லை.

புதிதாக ஒரு டிஸ்க் சேர்த்த பிறகு தொல்லை வந்திருந்தால், எஃப்எஸ்டேப் கோப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் இடம் மாறியிருக்கும். மாறாத யூயூஐடி எண்ணைக் குறித்துவிட்டால் போதும். பகுதியே பட்டியலில் காணவில்லை என்றால், காணாமற்போன பகுதிகளைத் தேடித்தரும் 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

'டிமெசேஜ்' கட்டளையில் 'ஐஓ எரர்' என்று திரும்பத் திரும்ப வருவதுதான் உண்மையான ஆபத்து. கேபிளை மாற்றியும் அது நிற்கவில்லையென்றால் டிஸ்க்கே தேய்ந்துவருகிறது என்று கொள்ளலாம். அந்த டிஸ்க்கில் 'எஃப்எஸ்சிகே' என்ற பழுதுநீக்கும் கட்டளையை ஓட்டினால் எஞ்சியதும் போகலாம். முதலில் 'டிடிரெஸ்க்யூ' கொண்டு வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, பழுது பார்ப்பதையெல்லாம் அந்தப் பிரதியில் செய்யவேண்டும். அதற்காக வாங்கும் டிஸ்க் பழையதைவிட அளவில் சிறியதாக இருக்கக் கூடாது.